குவாட் பைக்கின் முன் சஸ்பென்ஷன்: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

உளுந்தும் பச்சைப்பயறும் எடுத்து முடித்த பிறகு, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேரும் வரையிலான இரண்டு மூன்று மாதங்கள்தான் காவிரி டெல்டாவில் குவாட் பைக், அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, வைத்திருப்பவர்களுக்கு உரிய காலம். அந்த நாட்களில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்குத் தரை எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. களிமண் கை நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். தை அறுவடையின்போது ஈரத்தில் ஓடிய பெல்ட் அறுவடை இயந்திரத்தின் தடங்களும் மாடுகளின் குளம்படிகளும் காய்ந்து செங்கல்லைப் போல் இறுகியிருக்கும். ஸ்போர்ட் வகைக் குவாட்களைப் பொதுச்சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு கிடைப்பதில்லை என்பதால், வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொந்த வயலிலோ தோப்பிலோ இறக்கி ஓட்டுகிறோம். அரை மணி நேரத்தில் மணிக்கட்டும் தோளும் வலிக்கத் தொடங்குகின்றன. உடனே தோன்றும் எண்ணம், முன்சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் ஏ-ஆர்ம்களை அகலமானவையாக மாற்றி, விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர்களைப் பொருத்திவிட வேண்டும் என்பதே. அந்தச் செலவு வரிசையில் கடைசியாக வர வேண்டியது என்பதும், அதற்கு முன் டேப்பும் நோட்டுப் புத்தகமும் கொண்டு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதும் என் கருத்து. அதைப் புரிந்துகொள்ளச் சஸ்பென்ஷன் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஊர்களில் கட்டை வண்டியும் இருந்தது, வில்வண்டியும் இருந்தது. கட்டை வண்டியில் அச்சின் மேல் நேரடியாகப் பாரம் உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் ஏறி இறங்கும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையில் எஃகுப் பட்டைகளாலான வில் இருப்பதால், சக்கரம் ஏறும்போது வில் வளைந்து கொடுத்து, மேலே இருப்பவரைப் பெரும்பாலும் அதே உயரத்தில் வைத்திருக்கும். இதைச் சொகுசு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். கல்லைத் தாண்டிய பிறகு சக்கரத்தை மீண்டும் தரைக்குத் தள்ளுவதும் அந்த வில்லின் வேலைதான். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆகவே நல்ல முன் சஸ்பென்ஷன் என்பது, மேடு பள்ளம் எப்படி வந்தாலும் இரண்டு முன் டயர்களையும் தரையோடு ஒட்டியிருக்கச் செய்யும் அமைப்பு. உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் மென்மை அதன் துணைப்பயன்.

ஸ்போர்ட் குவாட்டின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஏ-ஆர்ம்கள் உண்டு. ஏ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். அகன்ற முனை சேஸில், அதாவது வண்டியின் சட்டத்தில், புஷ் எனப்படும் சிறு குழல்களின் மீது அசைகிறது. குறுகிய முனை, பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கிறது. ஏ-ஆர்முக்கும் சேஸுக்கும் இடையே, சுருள் ஸ்பிரிங்கும் எண்ணெய் நிரம்பிய ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து சாய்வாக நிற்கின்றன. ஹேண்டிலின் அசைவை டை ராட் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. அவ்வளவுதான் உறுப்புகள். சக்கரம் மேலும் கீழுமாகப் போய்வரக்கூடிய மொத்தத் தூரத்துக்கு டிராவல் என்று பெயர்; யமஹா ராப்டர் 700ஆர் வண்டியில் அது 231 மி.மீ., பந்தயத் தடத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒய்எஃப்இசட்450ஆர் வண்டியில் ஏறத்தாழ 250 மி.மீ. ஒரு சாண் உயரத்துக்கும் மேலான இந்த அசைவை முழுவதும் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அதற்கும் முன்னால் டயரைப் பார்த்துவிட வேண்டும். 1970-இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர ஏடிசி90 வண்டியில் சஸ்பென்ஷன் என்று ஒன்றும் கிடையாது. பலூன் போன்ற பெரிய டயர்களே அந்த வேலையைச் செய்தன. இன்றைய குவாட்டிலும் டயர் ஒரு ஸ்பிரிங்தான். ஸ்போர்ட் குவாட்டின் முன் டயருக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. காற்றே போதும், சரியான அளவு வண்டியில் ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சர் கடையிலோ பழக்கத்தின் காரணமாக மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் 25 அடித்துவிடுவார்கள். என் வண்டிக்கு ஒருமுறை அப்படி நேர்ந்து, ஒரு வாரம் முழுவதும் ஷாக்கைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். கடைகளில் இருக்கும் சாதாரணக் காற்றுமானியில் 4 பி.எஸ்.ஐ.யைத் துல்லியமாகப் பார்க்க முடியாது. குறைந்த அழுத்தத்தை அளக்கும் மானி ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது, இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாவற்றையும்விட மலிவான மேம்பாடு. அதோடு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். பால் ஜாயிண்டிலோ புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால், எவ்வளவு உயர்ந்த ஷாக்கைப் பொருத்தினாலும் வண்டி நேராக ஓடாது.

இனி ஸ்பிரிங். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தன் டிராவலில் ஒரு பகுதியை அமுங்கிவிடுகிறது. இந்த அமுக்கத்துக்கு ஸேக் என்று பெயர். சக்கரம் மேட்டில் ஏற இடம் வேண்டும் என்பதுபோலவே, பள்ளத்தில் இறங்கவும் இடம் வேண்டும். அந்த இறங்கும் இடத்தைத் தருவது ஸேக்தான். அளக்கும் முறை எளியது. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, டயர்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில், சேஸின் ஏதேனும் ஓர் இடத்திலிருந்து தரை வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் ஜாக்கியை எடுத்துவிட்டு, ஹெல்மெட், பூட்ஸ் உள்ளிட்ட முழு உடையோடு வண்டியில் ஏறி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அமைதியாக உட்கார்ந்த நிலையில் மற்றொருவரை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். முதல் அளவு 300 மி.மீ., இரண்டாவது 225 மி.மீ. என்றால் ஸேக் 75 மி.மீ. டிராவல் 231 மி.மீ. உள்ள வண்டியில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. 40 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கடினம், அல்லது அளவுக்கு மீறி முன்கூட்டியே அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வரப்பைத் தாண்டியதும் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். 110 மி.மீ. அமுங்குகிறது என்றால் பாதி டிராவல் வீட்டு வாசலிலேயே செலவாகிவிட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் ஒரு தவறு செய்கிறார்கள். ஷாக்கின் மேலிருக்கும் வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பதற்கு ப்ரீலோட் என்று பெயர். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஸ்பிரிங்கின் கடினம் என்பது அதன் கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை ஆகியவற்றால் முடிவானது; ஒரு மில்லிமீட்டர் அமுக்க 4 கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங், எவ்வளவு இறுக்கினாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு அதே 4 கிலோவைத்தான் கேட்கும். ப்ரீலோட் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே. ஆகவே ஸேக்கைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வளையத்தைக் கடைசிவரை இறுக்க வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது என்று அது சொல்கிறது. நான் முதன்முதலில் வாங்கிய வண்டியில், தடத்தில் இறங்கும்போதெல்லாம் ஷாக் முழுவதும் அமுங்கி அடிமுட்டியதால், அதைத் தடுக்க வளையத்தை முழுவதும் இறுக்கினேன். அடிமுட்டுவது கொஞ்சம்தான் குறைந்தது. வண்டியோ ஒவ்வொரு குளம்படிக்கும் துள்ளத் தொடங்கியது. ஒரு பருவம் முழுவதும் அப்படி ஓட்டிய பிறகுதான், என் எடைக்கு ஏற்ற ஒரு ஜோடி ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினேன். ஷாக் பழையதுதான், வண்டி வேறாகிவிட்டது.

ஸ்பிரிங்கின் கடினம் சக்கரத்தில் அப்படியே தெரிவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் அகலமான ஏ-ஆர்மைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும். கிணற்று ஏற்றத்தில் துலாவின் எந்த இடத்தில் ஆள் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய எடையின் பலன் மாறுவதைப் போல, ஏ-ஆர்மின் எந்த இடத்தில் ஷாக் ஊன்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஸ்பிரிங்கின் பலன் மாறுகிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் 5 மி.மீ. மட்டும் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 0.5. சக்கரத்தில் தெரியும் கடினம் இந்த விகிதத்தின் வர்க்கத்தால் குறைகிறது. அசைவும் பாதி, விசையும் பாதி என்பதால் இரண்டும் பெருகி, 4 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 1 கிலோ ஸ்பிரிங்காகத்தான் வேலை செய்யும். ஏ-ஆர்மை நீளமாக்கி, ஷாக்கின் இடத்தை மாற்றாமல் விட்டதால் விகிதம் 0.45 ஆகிறது என்றால், அதே ஸ்பிரிங் 0.81 கிலோவாகிவிடும்; கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மென்மை. அகலமான ஏ-ஆர்ம் வாங்கிய நண்பர்கள் பலர், வண்டி முன்னைவிட அதிகமாக அடிமுட்டுகிறது என்று புலம்புவதன் காரணம் இதுதான்.

சில ஷாக்குகளில் குட்டையான மெல்லிய ஸ்பிரிங் ஒன்றும் நீளமான கடின ஸ்பிரிங் ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். 2 கிலோவும் 4 கிலோவும் இப்படி அடுக்கப்பட்டால், இரண்டும் சேர்ந்து அமுங்கும் வரை கிடைப்பது 1.33 கிலோ மட்டுமே. மெல்லியது ஒரு வளையத்தில் முட்டி நின்ற பிறகு 4 கிலோ தனியாகத் தாங்கும். வெடிப்புகளின் மீது மென்மை, வரப்பிலிருந்து குதிக்கும்போது கடினம் என இரண்டும் ஒரே ஷாக்கில் கிடைக்கின்றன.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய். ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் போய்வரும்போது, அதிலுள்ள சிறு துளைகளின் வழியாகவும், அவற்றை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வில்லைகளை வளைத்துக்கொண்டும் எண்ணெய் பிதுங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தடையே டேம்பிங். அமுங்கும்போது வரும் தடை கம்ப்ரெஷன், விரியும்போது வரும் தடை ரீபவுண்ட். எண்ணெயின் தடை வேகத்தைப் பொறுத்தது என்பதுதான் இதன் சாரம். குளத்தில் கையை மெதுவாக இறக்கினால் தண்ணீர் வழிவிடுகிறது. அதே குளத்தில் படித்துறையிலிருந்து வயிறு தட்டையாக விழுந்தால் அறை வாங்கியதுபோல் எரிகிறது. ஷாக்கில் சொல்லப்படும் குறைந்த வேகம், அதிக வேகம் என்பவை வண்டியின் வேகத்தைக் குறிப்பதில்லை. தண்டு உள்ளே போகும் வேகத்தையே குறிக்கின்றன. திருப்பத்தில் வண்டி ஒருபக்கம் மெல்லச் சாய்வது குறைந்த வேகம். மெதுவாக ஓட்டினாலும் இறுகிய தடத்தின் விளிம்பில் டயர் மோதுவது அதிக வேகம். நம் வயல்களில் கையை வலிக்கச் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆகவே தனித்தனித் திருகுகள் உள்ள ஷாக்கில், அதிக வேகக் கம்ப்ரெஷனை முதலில் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

ரீபவுண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் தவறு வேறொன்றின் தவறைப் போல வேடம் போடும். ரீபவுண்ட் மிகத் தளர்வாக இருந்தால், அமுங்கிய ஸ்பிரிங் ஒரேயடியாக விரிந்து முன்பக்கத்தை மேலே எறியும். இதை எவரும் கண்டுபிடித்துவிடலாம். மிக இறுக்கமாக இருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மீண்டும் அமுங்கும், மீண்டும் விரியாது. நான்கு குளம்படிகளுக்குப் பிறகு ஷாக் அடியிலேயே கிடக்கும். ஓட்டுபவருக்கோ ஸ்பிரிங் கல்லாக இறுகிவிட்டதுபோல் தோன்றும். அதனால் அவர் கம்ப்ரெஷனைத் தளர்த்துவார்; நிலைமை இன்னும் மோசமாகும். அடுத்தடுத்து மேடுகள் வரும் இடத்தில் மட்டும் வண்டி கடினமாகிறது, ஒற்றை வரப்பில் சரியாகத்தான் இருக்கிறது என்றால், ரீபவுண்ட் திருகை இரண்டு கிளிக் (திருகும்போது கைக்குத் தட்டுப்படும் படிகள்) தளர்த்திவிட்டு அதே தடத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு, ஒரே தடம், இரண்டு கிளிக்குக்கு மேல் வேண்டாம். திருகை முழுவதும் மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் திருகியவர்கள் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் நின்றிருக்கிறேன்.

எண்ணெயும் பழசாகும். நல்ல ஷாக்குகளில் எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். பிஸ்டன் வேகமாக அசையும்போது எண்ணெய் நுரைத்துவிடாமல் அது காக்கிறது. வாயு கசிந்தாலோ, எண்ணெய் சூட்டில் மெலிந்தாலோ, காலையில் சரியாக இருந்த வண்டி பதினோரு மணி வெயிலில் துள்ளத் தொடங்கும். ஷாக்கின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு உருளை எண்ணெயின் அளவைக் கூட்டி, சூட்டைத் தணிப்பதற்காகத்தான் இருக்கிறது. எண்ணெயையும், அது ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீலையும் மாற்றி, வில்லைகளை உங்கள் எடைக்கும் தரைக்கும் ஏற்ப அடுக்கி, வாயுவை மீண்டும் நிரப்பினால், பழைய ஷாக் பல நேரங்களில் புதிய ஷாக்குக்கு இணையாகிவிடும். இதை லேத் பட்டறையில் செய்யச் சொல்லாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஷாக்கை வாயுவை வெளியேற்றாமல் கழற்றினால் உறுப்புகள் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நைட்ரஜன் நிரப்பும் வசதியுள்ள சஸ்பென்ஷன் பட்டறைக்கு அனுப்பிவைப்பதே முறை.

இத்தனைக்கும் பிறகுதான் அகலமான ஏ-ஆர்ம். அகலம் கூடினால் திருப்பத்தில் வண்டி சாய்வது குறைகிறது, உள்பக்கச் சக்கரம் தூக்குவது குறைகிறது. வேகமாகத் திரும்புபவருக்கு இது உண்மையான பயன். ராப்டர் 700ஆர் வண்டியின் மொத்த அகலம் ஏறத்தாழ 1170 மி.மீ., ஒய்எஃப்இசட்450ஆர் வண்டியுடையது ஏறத்தாழ 1240 மி.மீ. இவற்றின் வித்தியாசமே திருப்பத்தில் கைக்குத் தெரியும். ஆனால் வயலுக்கு வயல் மெதுவாகப் போய்வருபவருக்கு, மதகுப் பாலத்தின் மீது போகும்போது வரும் பயத்தைத் தவிர அகலத்தால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. லாங் டிராவல் என்ற பெயரில் விற்கப்படுவதை வாங்கும்போதும் கவனம் தேவை. பல தொகுப்புகளில் நீள்வது ஷாக்கின் ஓட்டமே. சக்கரத்தின் டிராவல் ஏறத்தாழப் பழைய அளவிலேயே இருக்கும். அதிலும் நன்மை உண்டு. மேலே சொன்ன விகிதம் உயர்வதால், அதே வேலையைக் குறைந்த விசையோடும் குறைந்த சூட்டோடும் ஷாக் செய்து முடிக்கிறது. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

ஏ-ஆர்ம் மாறினால் அதோடு நீளமான டை ராடும் பிரேக் ஹோஸும் வர வேண்டும்; அந்த அளவுக்கேற்ற ஷாக்கோ ஸ்பிரிங்கோ வேண்டும். டை ராட் ஏ-ஆர்மின் வளைவுப் பாதைக்கு ஒத்துப்போகாவிட்டால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஹேண்டில் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. ஹேண்டிலை நேராகக் கட்டி வைத்து, ஓட்டுபவரின் எடையை ஏற்றிய நிலையில், டயர்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம் பின்விளிம்புகளுக்கு இடையிலானதைவிட 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்கும்படி டை ராடுகளைச் சமமாகத் திருக வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. சக்கரத்தின் மேல்பகுதி சற்று உள்நோக்கிச் சாய்ந்திருப்பது கேம்பர். திருப்பத்தில் வெளிப்பக்க டயர் தட்டையாகத் தரையில் ஊன்றுவதற்காக அது வைக்கப்படுகிறது. திருப்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பது கையை விட்டு ஓட்ட உதவுகிறது என்பதை நினைத்துக்கொண்டால் அது விளங்கிவிடும். புதிய ஷாக்கால் முன்பக்கம் மட்டும் உயர்ந்துவிட்டால் காஸ்டர் கூடி ஹேண்டில் மந்தமாகும்; தாழ்ந்தால் குறைந்து பதற்றமாகும். எனவே முன்னால் எதை மாற்றினாலும் பின்பக்கத்து ஸேக்கையும் அன்றே அளந்துவிடுவது நல்லது.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் ஓட்டுபவருக்கு இந்த எண்கள் வேறாக இருக்கும். அங்கே மணல் கலந்த தரை வெடிப்பதில்லை. மட்டையும் குரும்பையும் கிடக்கும், பாத்தி வரம்புகள் மென்மையாக அலை போல் வரும். எனக்கு அங்கே கம்ப்ரெஷன் இரண்டு கிளிக் கூடுதலாகவும் ரீபவுண்ட் ஒரு கிளிக் தளர்வாகவும் வைத்தால் சரியாக இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் வைத்திருப்பவர்கள் ஷாக்கின் தண்டில் துரு புள்ளி வைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புள்ளியே சீலை அறுத்து எண்ணெயை ஒழுக விடும். களிமண் பகுதியிலும் இதே கதைதான்: தண்டில் ஒட்டிய சேறு காய்ந்து அரம் போல் ஆகிறது. ஓட்டி முடித்த அன்றே குழாய்த் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாயைச் சீலுக்கும் பால் ஜாயிண்ட் ரப்பருக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாக வெண்ணாற்றிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் வயல் உழவுக்குப் போய்விடும், வண்டி கொட்டகைக்கு வந்துவிடும். அப்போது ஏ-ஆர்ம் புஷ்களுக்குக் கிரீஸ் வைத்து, போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் சரிபார்த்து, தண்டுகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஸேக் அளவையும் கிளிக் எண்ணிக்கையையும் தேதியோடு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த சித்திரையில் வண்டியை இறக்கும்போது உடல் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை அந்த நோட்டும் ஒரு டேப்பும் தராசைவிட முன்னதாகவே சொல்லிவிடுகின்றன.